கற்பூரம் மட்டும் காட்டிய வண்டி

“டீச்சர், இது என்ன ஜென்மம்னே தெரியலீங்க. என் பட்டறையில இருக்கிற வரைக்கும் சாவியத் தொட்டாப் பத்திக்குது. வீட்டுக்குப் போய் நின்னாப் படுத்துக்குது. நான் தோத்துட்டேனுங்க.”

சொல்லிவிட்டுத் திருமூர்த்தி தோளில் கிடந்த துண்டால் முகத்தை அழுத்தித் துடைத்துக்கொண்டார். ஐம்பத்திரண்டு வயது மனிதர் அழுகிறாரா, வியர்வையைத் துடைக்கிறாரா என்று பார்க்கிறவர்களுக்குச் சட்டென்று பிடிபடாது.

மெர்லின் டீச்சர் கொல்லைக் கொடியில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தார். திரும்பவில்லை.

“எந்த வண்டி?”

“நஞ்சப்பன் வீட்டுப் பச்சைக் காருங்க.”

டீச்சர் ஒரு போர்வையை உதறிக் கொடியில் போட்டார். மேலே சொல்லட்டும் என்று அர்த்தம்.

திருமூர்த்தி கோயமுத்தூரில், சிங்காநல்லூர்க் குளத்துக்குப் பக்கத்தில் பட்டறை வைத்திருப்பவர். பழைய கார்கள் மட்டும்தான் பார்ப்பார். எந்த வண்டியையும் அவர் காதால் பார்த்துவிடுவார் என்று ஊரில் பேச்சு. அதை மறுத்துச் சொல்லும் அளவுக்கு அவருக்கும் அடக்கம் இருந்ததில்லை.

மெர்லின் டீச்சர் அவரைவிடப் பத்து வயது இளையவர். தொழிற்பயிற்சி நிலையத்தில் மோட்டார் மெக்கானிக் பாடம் எடுப்பவர். இரண்டு வருடத்துக்கு முன் பாலக்காடு ரோட்டில் ஒரு லாரி மக்கர் செய்து நின்றபோது, கூடி நின்று ஆளுக்கொரு யோசனை சொன்ன கும்பலில் திருமூர்த்தியும் ஒருவர். ஸ்கூட்டரில் வந்த டீச்சர் மட்டும் எதுவும் சொல்லாமல் லாரியைச் சுற்றி இரண்டு தடவை நடந்தார். பிறகு குனிந்து ஒரே ஒரு குழாயைத் தொட்டுக் காட்டினார். லாரி கிளம்பிப் போய்விட்டது.

அன்றைக்கே திருமூர்த்தி போய்க் கேட்டுவிட்டார், உங்களிடம் தொழில் கற்றுக்கொள்ள வரலாமா என்று. இதைச் செய்ய ஒரு மனசு வேண்டும். முப்பது வருடம் கிரீஸில் ஊறிய கை அது.

“வாங்கண்ணா,” என்றார் டீச்சர். “ஸ்பானர் மட்டும் எடுத்துட்டு வராதீங்க.”

அது முதல் அவர் இவருக்கு டீச்சர். இவர் அவருக்கு அண்ணா.

*

பச்சைக் காரின் கதை இதுதான்.

நஞ்சப்பனுடைய அப்பா வாங்கிய வண்டி. பெரியவர் தினமும் அதில்தான் தன்னுடைய பவுண்டரிக்குப் போவார். கிணற்று மோட்டார் பம்புக்கு வார்ப்பு ஊற்றும் பவுண்டரி. மாதா மாதம் கிருத்திகை அன்று அதே காரில் மருதமலைக்குப் போய் முருகனைப் பார்த்துவிட்டு வருவார். மழை, காய்ச்சல், கதவடைப்பு எதற்கும் அந்த வழக்கம் நின்றதில்லை.

தை மாதத்தில் பெரியவர் போய்ச் சேர்ந்தார்.

நஞ்சப்பனிடம் புதுக் கார் இருக்கிறது. பவுண்டரிக்கு அதில்தான் போகிறார். ஆனாலும், துக்க வருடத்தில் மலைக்கோயிலுக்குப் போகக் கூடாது என்று உறவுக்காரர்கள் சொல்லியும், அப்பாவின் கிருத்திகை வழக்கத்தை மட்டும் விடுவதில்லை என்று ஒரு வைராக்கியம். அப்பாவின் வண்டியில், அப்பா உட்கார்ந்த இடத்துக்குப் பக்கத்தில் உட்கார்ந்து மலைக்குப் போய்விட்டு வர வேண்டும். மற்ற நாளெல்லாம் கார் உறையைப் போர்த்திக்கொண்டு ஷெட்டில் நிற்கும்.

மாசிக் கிருத்திகைக்கு அது ஸ்டார்ட் ஆகவில்லை. ஆட்டோ பிடித்து மலைக்குப் போனார்.

வண்டி திருமூர்த்தியிடம் வந்தது. பிளக் மாற்றினார், பாயிண்ட் தேய்த்தார். கல்யாண மாப்பிள்ளை மாதிரி அனுப்பிவைத்தார். பங்குனிக் கிருத்திகைக்கு மறுபடியும் அல்வா கொடுத்தது.

காயில் மாற்றினார், கார்ப்ரேட்டரைக் கழற்றிக் கழுவிப் பூட்டினார், பெட்ரோல் பம்பையே புதிதாகப் போட்டார், புதுப் பேட்டரி வைத்தார். சித்திரைக் கிருத்திகைக்கும் அதே கதைதான்.

இதில் திருமூர்த்திக்குப் புரியாத விஷயம் ஒன்று உண்டு. அவருடைய பட்டறையில் அந்த வண்டி ஒரு நாள்கூட முரண்டு பிடித்ததில்லை.

நஞ்சப்பன் நல்ல மனிதர், குரலை உயர்த்தமாட்டார். போன வாரம் பட்டறைக்கே வந்து பதமாகத்தான் சொன்னார். ஊட்டி ரோட்டில் ஒரு ரிசார்ட்காரர்கள் இந்தக் காரைக் கேட்கிறார்களாம். வாசலில் நிறுத்தி, இன்ஜினை எடுத்துவிட்டு, பானெட்டுக்குள் மண் கொட்டிப் பூச்செடி வைப்பார்களாம். ஓடாத வண்டியை உறை போட்டு மூடிவைத்து மாதா மாதம் அப்பாவிடம் மன்னிப்புக் கேட்டுக்கொண்டிருக்கத் தன்னால் முடியாது என்றார். வைகாசிக் கிருத்திகை அன்று ரிசார்ட்காரர்களை வரச் சொல்லியிருக்கிறார். அன்றைக்கு ஸ்டார்ட் ஆனால் வண்டி மலைக்குப் போகும். ஆகாவிட்டால் லாரியில் ஏறும்.

“பூச்செடிங்க டீச்சர்,” என்றார் திருமூர்த்தி. “அந்த இன்ஜின் சத்தத்தை நீங்க கேட்டதில்லை. அதுக்குள்ள செடி வைக்கிறாங்களாம்.”

இந்தத் தடவை துடைத்தது வியர்வையை இல்லை.

*

டீச்சர் காலி பக்கெட்டைக் கவிழ்த்துப் போட்டு அதன்மேல் உட்கார்ந்தார்.

“அது ஸ்டார்ட் ஆகாம நின்னதை நீங்க பாத்தீங்களா?”

“பாக்காம என்னுங்க? மூணு தடவையும் ஃபோன் வந்ததும் ஓடியிருக்கேன்.”

“போனப்ப என்ன இருந்தது?”

திருமூர்த்தி யோசித்துச் சொன்னார். டிரைவர் செல்ஃப் அடித்து அடித்துப் பேட்டரி செத்திருக்கும். பானெட் திறந்திருக்கும். யாராவது ஒருவர் கார்ப்ரேட்டருக்குள் பெட்ரோலை ஊற்றி, ஷெட் முழுக்க வாடை அடிக்கும். நாலு பேர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு தள்ளிக்கொண்டிருப்பார்கள். தெரு முனை இறக்கத்தில் அது எப்படியோ உறுமிப் பிடித்துக்கொள்ளும். அப்படியே ஓட்டிக்கொண்டு பட்டறைக்கு வந்துவிடுவார்.

“சண்டை முடிஞ்சப்புறம் போயிருக்கீங்க,” என்றார் டீச்சர்.

திருமூர்த்தி துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார்.

“காலையில எத்தனை மணிக்குப் பட்டறை திறப்பீங்க?”

“ஆறரைக்குங்க.”

“வர்றேன்.”

அவ்வளவுதான். டீச்சர் உள்ளே போய்விட்டார்.

*

பட்டறை திறக்கும் சடங்கு ஒன்று திருமூர்த்திக்கு உண்டு. முதல் நாள் கடை போட்டபோது தொடங்கியது, இன்று வரை தவறியதில்லை.

குளித்து, நெற்றி நிறையத் திருநீறு பூசி, முருகன் படத்துக்கு விளக்கேற்றுவார். தட்டில் கற்பூரம் கொளுத்திக்கொண்டு, பட்டறையில் நிற்கிற ஒவ்வொரு வண்டிக்கும் முன்னால் போய் நின்று மூன்று சுற்றுக் காட்டுவார். காட்டியதும் தட்டைப் பானெட் மேல் வைத்துவிட்டு ஏறி உட்கார்ந்து சாவியைத் திருப்புவார். வண்டி உறுமும். கண்ணை மூடிச் சற்று நேரம் கேட்பார். அணைத்துவிட்டு அடுத்த வண்டிக்குப் போவார்.

என் பட்டறையில் காலையில் குரல் கொடுக்காத வண்டி கிடையாது என்று அவர் சொல்லிக்கொள்வார். அந்தத் தெருவில் பலருக்கு அதுதான் விழிப்பு மணி. சிலர் அதற்காக அவரைத் திட்டுவதும் உண்டு.

டீச்சர் ஆறரைக்கு முன்னாலேயே வந்துவிட்டார். படுத்துக் கிடந்த டயர் ஒன்றின் மேல் உட்கார்ந்து டீயை ஆற்றிக்கொண்டிருந்தார்.

கற்பூரம் ஒரு வண்டியிலிருந்து அடுத்த வண்டிக்கு வந்தது. ஒவ்வொன்றும் உறுமி அடங்கியது. கடைசியில் பச்சைக் கார். காட்டினார், ஏறினார், சாவியைத் திருப்பினார். அரைச் சுற்று இல்லை, பிடித்துக்கொண்டது. கனத்த, நிதானமான சத்தம். டீச்சர்கூட டீயை இறக்கி வைத்துவிட்டுக் கேட்டார்.

திருமூர்த்தி இன்ஜினை அணைத்தார். முதல் மார்க் வாங்கிய பையனின் முகம் அவருக்கு.

“பாத்தீங்களா டீச்சர்? இதுல என்ன குத்தம் சொல்லுவீங்க?”

“பாத்தேன்.”

டீச்சர் எழுந்து வந்தார். கார் ஜன்னல் வழியே கையை விட்டுச் சாவியை உருவினார். தன் கைப்பைக்குள் போட்டு ஜிப்பை இழுத்து மூடினார்.

“நாளையில இருந்து இதுக்குக் கற்பூரம் மட்டும் காட்டுங்க.”

“அப்புறம்?”

“அப்புறம் அடுத்த வண்டிக்குப் போங்க.”

“எத்தனை நாளைக்குங்க?”

“நான் வர்ற வரைக்கும்.”

ஏன் என்று கேட்க அவர் காரிலிருந்து இறங்கி வருவதற்குள் ஸ்கூட்டர் தெரு திரும்பிவிட்டது.

*

வண்டி கிருத்திகை வரை பட்டறையிலேயே நிற்கட்டும் என்று நஞ்சப்பனிடம் அனுமதி கேட்டார். நிற்கட்டும், ஆனால் பேசிய பேச்சில் மாற்றமில்லை என்றார் அவர். ரிசார்ட்காரர்களும் பட்டறைக்கே வருவார்கள்.

இப்படி ஒரு தண்டனை திருமூர்த்தியின் சர்வீஸில் கிடையாது.

முதல் இரண்டு நாள் சமாளித்தார். மூன்றாம் நாள் காலையில் பச்சைக் காருக்குக் கற்பூரம் காட்டியதும் கை தானாகக் கதவுக்குப் போயிற்று. பூட்டியிருந்தது. சாமிக்குப் படையல் போட்டுத் தீபம் காட்டாமல் வந்துவிட்டது போல அன்று முழுக்க ஒரு அரிப்பு.

டீச்சருக்கு ஃபோன் அடித்தார். ஒரே ஒரு தடவை ஸ்டார்ட் பண்ணிப் பார்த்துவிட்டு அணைத்துவிடட்டுமா என்று கேட்டார். வகுப்பில் இருக்கிறேன் என்று டீச்சர் வைத்துவிட்டார்.

ஒரு வாரம் போனது. அதற்குமேல் சில நாளும் போயிற்று. நஞ்சப்பன் ஃபோனில் கூப்பிட்டு, வண்டி எப்படி இருக்கிறது என்று விசாரித்தார். நன்றாக இருக்கிறது என்று சொல்ல வாயெடுத்து, தெரியலீங்க என்று சொல்லி வைத்தார் திருமூர்த்தி. முப்பது வருடத்தில் ஒரு வாடிக்கையாளரிடம் அவர் அந்த வார்த்தையைச் சொன்னதில்லை.

அன்று மத்தியானம் பட்டறையில் யாருமில்லை. வெயில் தகரக் கூரையைப் பிளந்துகொண்டிருந்தது.

முப்பது வருட மெக்கானிக்குக்குச் சாவி எதற்கு? கதவை ஒரு கம்பியால் திறந்தார். டேஷ்போர்டுக்குக் கீழே கையை விட்டு இரண்டு ஒயரை உரசினார். வண்டி வழக்கத்தைவிடக் கொஞ்சம் இழுத்தது. அதற்குள் அவருக்கு உயிர் போய் வந்தது. பிறகு பிடித்துக்கொண்டது. கால் மணி நேரம் ஓடவிட்டு, கண்ணை மூடிக் கேட்டு, அணைத்து, கதவைப் பழையபடி பூட்டினார்.

அன்றைக்கு ராத்திரி நன்றாகத் தூங்கினார்.

மறுநாள் காலை டீச்சர் வந்தார். காரை ஒரு சுற்றுச் சுற்றினார். பானெட்டைத் திறக்கச் சொல்லவில்லை. பின்பக்கம் போய்க் குனிந்து, சைலன்சர் வாய்க்குள் ஆள்காட்டி விரலை விட்டு ஒரு துடைப்புத் துடைத்தார். விரலைத் திருமூர்த்தியின் முகத்துக்கு நேரே நீட்டினார்.

ஈரமான, புதுக் கரி.

திருமூர்த்தி தலையைக் குனிந்துகொண்டார். பத்து வயது இளையவர் முன்னால் இப்படி நிற்கிறோமே என்று அவர் நினைக்கவில்லை. மாட்டிக்கொண்டோமே என்றுதான் நினைத்தார்.

டீச்சர் குழாயடியில் கை கழுவினார். கோபம் எதுவும் தெரியவில்லை.

“இன்னிக்கு முதல் நாள்,” என்றார்.

“டீச்சர், திரும்ப முதல்ல இருந்துன்னா கிருத்திகையே வந்துருமுங்க.”

“வரட்டும்.”

“அன்னிக்கு நஞ்சப்பன் நிப்பாரு. லாரி நிக்கும்.”

“நிக்கட்டும். எல்லாருமாப் பாப்போம்.”

*

அதன் பிறகு திருமூர்த்தி காரைத் தொடவில்லை. பயத்தினால் அல்ல. தொடுகிற ஆசையே ஒரு நாள் காலையில் போய்விட்டது.

சாவி இல்லை, ஒயர் இல்லை, செய்வதற்கு எதுவும் இல்லை என்றான பிறகு கற்பூரம் எரிகிற நேரம் முழுக்க அந்த வண்டியைப் பார்த்துக்கொண்டு நிற்பதைத் தவிர அவருக்கு வேறு வேலை இல்லாமல் போயிற்று. மற்ற வண்டிகளுக்குக் காட்டும்போது மனசு சாவிக்கு ஓடிவிடும். இங்கே ஓட இடமில்லை.

இந்த வண்டியைச் செய்தவன் எவ்வளவு அழகாகச் செய்திருக்கிறான் என்று முதல் தடவையாக நினைத்தார். இத்தனை நாளும் நல்ல வண்டி என்று மட்டும்தான் நினைத்திருந்தார். மட்கார்டின் வளைவு கற்பூர வெளிச்சத்தில் தண்ணீர் வழிவது போல இருந்தது. அதன்மேல் தினம் ஒரு படலம் தூசி ஏறுவதைப் பார்த்தார். ஒரு பூனை வந்து படுத்துப் போன தடம் பார்த்தார்.

வாசனையும் இருந்தது. ஓடி நின்ற பழைய வண்டிக்குப் பக்கத்தில் போனால் லேசாகப் பெட்ரோல் வாடை வரும். எல்லா மெக்கானிக்கும் அறிந்தது, ஆகவே எந்த மெக்கானிக்கும் கவனிக்காதது. காலையில் குனிந்து கற்பூரம் காட்டும்போது கற்பூர வாசனைக்கு அடியில் அந்த வாடையும் வரும்.

நாள் போகப் போக அது மெலிந்தது. ஒரு நாள் காலையில் கற்பூரம் மட்டும் மணத்தது. திருமூர்த்தி தட்டை வைத்துக்கொண்டு அப்படியே நின்றார். எதுவோ போய்விட்டது என்று தெரிந்தது. எது என்று தெரியவில்லை.

இதை டீச்சரிடம் ஃபோனில் சொன்னார்.

“ம்,” என்றார் டீச்சர்.

*

வைகாசிக் கிருத்திகை வந்தது.

நஞ்சப்பன் வெள்ளை வேட்டியில், அபிஷேகப் பால் சொம்பும் அர்ச்சனைத் தட்டுமாக வந்து இறங்கினார். முகத்தில் நம்பிக்கை இல்லை. அதை மறைக்கவும் தெரியவில்லை. பின்னாலேயே ரிசார்ட் மேனேஜர் லாரியோடு வந்தார். இரண்டு பலகையைச் சாய்த்து, காரை ஏற்றத் தோதாக லாரியைத் திருப்பி நிறுத்தச் சொன்னார். வேலையில் சுத்தமான ஆள்.

டீச்சர் லீவு போட்டுவிட்டு வந்திருந்தார். கைப்பையைத் திறந்து சாவியை எடுத்துத் திருமூர்த்தியின் கையில் வைத்தார்.

“ஒரு தடவைதான் அண்ணா,” என்றார்.

போய் டயர்மேல் உட்கார்ந்துகொண்டார்.

திருமூர்த்தி கற்பூரம் கொளுத்தினார். பச்சைக் காருக்கு மூன்று சுற்றுக் காட்டினார். தட்டைப் பானெட் மேல் வைத்தார். கை பழக்கத்தில் சாவியைப் போட்டுக் கதவைத் திறந்தது. ஒரு கால் உள்ளே போயிற்று.

அங்கேயே நின்றுவிட்டார்.

காலை வெளியே எடுத்தார். சாவியைச் சட்டைப் பையில் போட்டார். தட்டை எடுத்துக் கீழே வைத்துவிட்டுக் கற்பூரம் அணையும் வரை காத்திருந்தார். பிறகு பானெட்டைத் தூக்கி நிறுத்தினார்.

நஞ்சப்பனுக்குப் பொறுக்கவில்லை. ராகு காலம் வந்துவிடும், சாவி கையில்தானே இருக்கிறது, போட்டுப் பார்த்துவிட வேண்டியதுதானே என்றார்.

“போட்டுட்டா அப்புறம் பாக்க முடியாதுங்க,” என்றார் திருமூர்த்தி.

இந்த வார்த்தை தன் வாயிலிருந்துதான் வந்ததா என்று அவருக்கே சந்தேகமாக இருந்தது. டீச்சரைத் திரும்பிப் பார்த்தார். டீச்சர் டயரைவிட்டு எழுந்துவிட்டிருந்தார்.

ஏர் ஃபில்டர் மூடியைக் கழற்றினார். கார்ப்ரேட்டரின் வாய் தெரிந்தது. டார்ச் அடித்துக்கொண்டு, ஆக்ஸிலேட்டர் கம்பியை விரலால் இழுத்தார். இழுத்தால் உள்ளே ஒரு ஊசி முனையிலிருந்து நூல் மாதிரிப் பெட்ரோல் பீச்ச வேண்டும்.

பீச்சவில்லை.

மறுபடி இழுத்தார். இன்னொரு தடவை இழுத்தார். கோடை ஓடை மாதிரி வறண்டு கிடந்தது.

“டீச்சர்,” என்று மெதுவாகக் கூப்பிட்டார். “இங்க வாங்க.”

டீச்சர் வந்து பக்கத்தில் நின்று எட்டிப் பார்த்தார். திருமூர்த்தி இழுத்துக் காட்டினார். இரண்டு தலைகளும் அந்தச் சின்ன ஓட்டைக்கு மேலே கவிழ்ந்து வெகுநேரம் நின்றன. ரிசார்ட் மேனேஜர் வாட்சைப் பார்த்தார்.

மூன்று மாதமாகத் தேடிய ஆள் எதிரே வந்து நின்ற மாதிரி இருந்தது திருமூர்த்திக்கு. சந்தோஷம் பொங்கிக்கொண்டு வந்தது. எங்கும் எதுவும் உடையவில்லை. கார்ப்ரேட்டருக்கு அடியில் சின்னக் கிண்ணம் ஒன்று இருக்கிறது. ஸ்டார்ட் ஆக வேண்டிய முதல் வாய் பெட்ரோல் அதில்தான் நிற்கும். வண்டி நின்றால் அது கொஞ்சம் கொஞ்சமாகக் காற்றில் போய்விடும். பெரியவர் தினமும் ஓட்டினார், கிண்ணம் வற்ற நேரமில்லை. பட்டறையில் தினமும் இவர் சாவியைத் திருப்பினார், அதே கதை. மகன் கிருத்திகைக்குக் கிருத்திகை வந்தார். வறண்ட கிண்ணத்தை நிரப்ப, பின்னால் இருக்கிற டேங்கிலிருந்து பெட்ரோல் இவ்வளவு தூரம் வர வேண்டும். இன்ஜின் சுற்றினால்தான் பம்பு இழுக்கும். இன்ஜினைச் சுற்றுவது பேட்டரி. பெட்ரோல் வந்து சேர்வதற்குள் பேட்டரிக்கு மூச்சு முட்டிவிடும்.

திருமூர்த்தி பம்பின் அடியில் விரலை விட்டார். அங்கே ஒரு சின்ன லிவர் உண்டு, கையால் அடிக்க. புதுப் பம்பு பூட்டும்போதெல்லாம் துடைத்து எண்ணெய் விட்டிருக்கிறார். தெரியாதது இல்லை. கற்பூரமும் சாவியுமாக ஓடிய அந்தப் பட்டறையில் அதற்கு வேலை வந்ததே இல்லை.

அடித்தார். லிவர் தொளதொளவென்று ஆடியது. பிடிமானமே இல்லை.

நஞ்சப்பன் சொம்பை இந்தக் கையிலிருந்து அந்தக் கைக்கு மாற்றிக்கொண்டார்.

திருமூர்த்தி பதறவில்லை. இன்ஜின் நின்ற இடம் அப்படி, பம்பை ஏற்கெனவே அமுக்கிப் பிடித்திருக்கிறது. முன்பக்கம் போய், இன்ஜினைக் கையால் சுற்றும் இரும்புக் கைப்பிடியைச் செருகி அரைச் சுற்றுச் சுற்றிவிட்டு வந்தார். இப்போது லிவர் விரலை எதிர்த்தது. அமுக்கினார், விட்டார். அமுக்கினார், விட்டார். கன்றுக்குட்டி குடிப்பது போல உள்ளே ஒரு சத்தம் கேட்டது. அவசரமே படவில்லை.

சட்டென்று லிவர் இளகியது. கிண்ணம் நிரம்பிவிட்டது.

ஆக்ஸிலேட்டர் கம்பியை இழுத்தார். டார்ச் வெளிச்சத்தில் நூல் மாதிரிப் பெட்ரோல் பீச்சியது.

“அடடா,” என்றார் டீச்சர். அவர் அப்படிச் சொல்லித் திருமூர்த்தி கேட்டதே இல்லை.

மூடியைப் பூட்டினார். பானெட்டை இறக்கினார். ஏறி உட்கார்ந்து சாவியைத் திருப்பினார்.

அரைச் சுற்று இல்லை, பிடித்துக்கொண்டது.

*

நஞ்சப்பன் அப்படியே நின்றார். சொம்பிலிருந்து பால் வேட்டியில் சிந்தியது தெரியவில்லை. அப்பா தெருமுனை திரும்பும்போது இந்தச் சத்தம்தான் கேட்கும் என்றார். யாரிடம் சொன்னார் என்று அவருக்கே தெரிந்திருக்காது.

பிறகு சுதாரித்துக்கொண்டு, என்ன மாற்றினீர்கள் என்று கேட்டார்.

“ஒண்ணும் மாத்தலீங்க.”

“பின்ன?”

“கிணத்து மோட்டாரு ரொம்ப நாள் நின்னுபோச்சுன்னா, சுவிட்சு போடறதுக்கு முன்னால என்னுங்க பண்ணுவீங்க?”

“தண்ணி ஊத்துவோம்,” என்றார் நஞ்சப்பன். சொன்னவர் வாயை மூடவில்லை. பரம்பரையாகப் பம்பு வார்ப்பவர் அவர். அதற்குமேல் அவருக்கு விளக்கம் தேவைப்படவில்லை.

லிவர் எங்கே இருக்கிறது என்று காட்டச் சொன்னார். தன் கையாலேயே தொட்டுப் பார்த்தார். வண்டி செய்தவன் இப்படியும் ஒரு நாள் வரும் என்று யோசித்து இதை வைத்திருக்கிறானே என்றார். ஆமாங்க என்றார் திருமூர்த்தி. அவருக்கும் அதே வியப்புதான். அடுத்த கிருத்திகையிலிருந்து இதை டிரைவரிடம் விடமாட்டேன், நானே அடிப்பேன் என்று நஞ்சப்பன் சொல்லிவிட்டார்.

ரிசார்ட் மேனேஜர் கொஞ்ச நேரம் இன்ஜின் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு நின்றார். இதற்குள்ளா செடி வைக்கச் சொன்னார்கள் என்று தலையை ஆட்டிக்கொண்டு, டிரைவரிடம் பலகையை எடுத்து உள்ளே போடச் சொன்னார்.

பச்சைக் கார் மருதமலைக்குப் போயிற்று. அது போன பிறகும் கொஞ்ச நேரம் தெருவில் அந்தச் சத்தம் இருந்தது.

*

பட்டறையில் மற்ற வண்டிகள் வரிசையாக நின்றன. அன்றைக்குப் பச்சைக் காரோடு சரி, மற்றவற்றுக்கு யாரும் கற்பூரம் காட்டவில்லை. திருமூர்த்தி புதுக் கட்டி ஒன்றைத் தட்டில் வைத்தார். கொளுத்தவில்லை. ஒவ்வொரு வண்டியாகப் பார்த்தார். இவற்றில் எத்தனை வண்டிகள் காலையில் தன்னிடம் எதையோ சொல்ல வந்தனவோ, சாவியைத் திருப்பித் திருப்பி அவற்றின் வாயைத் தானே அடைத்துவிட்டோமோ என்று நினைத்தார்.

டீச்சர் ஸ்கூட்டரை ஸ்டாண்டிலிருந்து இறக்கிக்கொண்டிருந்தார்.

திருமூர்த்தி ஓடிப்போய் ஹேண்டிலைப் பிடித்துக்கொண்டார்.

“ஏனுங்க டீச்சர், முதல் நாளே சொல்லியிருக்கலாமில்லீங்க? இத்தனை நாள் நான் பட்ட பாடு உங்களுக்குத் தெரியாதா?”

“என்னன்னு சொல்றது?”

“நின்னா அந்தக் கிண்ணத்துல பெட்ரோல் வத்திப்போயிருமுன்னு.”

டீச்சர் ஹெல்மெட்டை மாட்ட எடுத்தவர் அப்படியே அவரைப் பார்த்தார்.

“அதை இன்னிக்குக் காலையிலதானே அண்ணா நாம ரெண்டு பேரும் பாத்தோம்?”